ஜூன் ஒண்ணாந்தேதிக்காரர்கள்

ஒவ்வொரு வருடமும் ஜூன் ஒன்றாம் தேதி காலையில் என் கைப்பேசி தொண்டை கிழியக் கத்துகிறது. வங்கி வாழ்த்துகிறது. காப்பீட்டுக் கம்பெனி வாழ்த்துகிறது. எப்போதோ ஒரு தடவை புடவை எடுத்த சேலத்துக் கடைகூடத் தள்ளுபடியோடு வாழ்த்துகிறது. பள்ளித் தோழிகளின் குழுவில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்த நாள் என்பதால், வாழ்த்துபவரும் வாழ்த்தப்படுபவரும் ஒரே ஆட்கள். ஒரே கேக் படத்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொள்வோம். எங்களில் ஒருத்திகூட அந்தத் தேதியில் பிறந்தவள் இல்லை.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதா என்பதைக் குழந்தையைப் பெற்றவளிடம் கேட்க மாட்டார்கள். அவளுக்கு என்ன தெரியும், அவள் பக்கத்தில் இருந்து பெற்றுப்போட்டவள், அவ்வளவுதானே. குழந்தையின் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து. தொடாவிட்டால் அடுத்த வருடம் வா.

ஏற்காட்டில், கிளியூர்ப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை, ஒரு வாத்தியார். காது தொட்ட பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்று ஏதாவது எழுத வேண்டுமே. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம். மாதத்தில் முதல் தேதி ஒன்று. அவருக்கு அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் மாசியில் பிறந்தவனும் ஐப்பசியில் பிறந்தவளும் அவர் பேனா வழியாக ஒரே நாளில் மறுபடி பிறந்தார்கள்.

எனக்கு உடம்பு கொஞ்சம், கை அதிகம். நான் பள்ளிக்கூடம் போனது சேர்வதற்காக அல்ல. அக்காவைச் சேர்க்கப் போனபோது என்னை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் அம்மா இடுப்பில் தூக்கிப் போனாள். அக்கா காதைத் தொட்டதும், அவள் செய்வதையெல்லாம் செய்யும் வழக்கப்படி, நானும் தொட்டேன். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கும் அஞ்சு முடிஞ்சுது. ரெண்டு பேரையும் எழுதிர்றேன்.”

“அய்யோ, இல்லீங்க சாமி. இவ பால்குடி மறந்தே நாளாகலீங்க. மூத்தவளுக்கும் இவளுக்கும் நடுவால ரெண்டு வருசம் இருக்குதுங்க” என்றாள் அம்மா.

“கை பொய் சொல்லாதும்மா” என்றார் வாத்தியார். எண்ணிக்கை குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் புரிந்தது. ஆக, கை சொன்ன வயதும் அம்மா சொன்ன வயதும் ஒன்றரை வருடம் தள்ளி நின்றன. அரசாங்கம் கையை நம்பியது. நான் ஒன்றாம் வகுப்பில் பெரும்பாலும் தூங்கியதால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தார்கள். என் முதல் தோல்வி, நான் முழித்திருக்கும்போது நடந்ததல்ல.

பெரிய பள்ளிக்கூடம் ஏற்காடு டவுனில் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடம். அங்கே எங்களுக்கு ஒரு டிரில் மாஸ்டர் வாய்த்தார். அதற்கு முன்னால் அவர் மலையிலேயே இருந்த ஓர் இங்கிலீஷ் போர்டிங் பள்ளியில் வேலை பார்த்தவர். அந்தப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறந்த நாள் இருந்தது, அந்த நாளில் கேக் இருந்தது. அவரும் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்து, கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதி ஏறி வளர்ந்தவர். பிறந்த நாள் என்பது ஆண்டவர் குறித்துக் கொடுப்பது, மனிதன் கை வைக்க முடியாதது என்று அவர் மனதார நம்பினார். எங்கள் வாத்தியார் கை வைத்திருந்தது அவருக்குத் தெரியாது.

அவருடைய அறையில் பந்துகளின் ரப்பர் நாற்றத்துக்கு நடுவே ஒரு பெரிய காலண்டர் தொங்கும். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இங்கிலீஷ் பேப்பரிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டி வைத்திருப்பார். அந்தத் தேதியில் பிறந்த விளையாட்டு வீரர்கள், அந்தத் தேதியில் முறியடிக்கப்பட்ட சாதனைகள். தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் மைதானத்தில் நின்று வாசிப்பார். “இன்றைய தினத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் மாபெரும் பந்துவீச்சாளர் ஒருவர் இவ்வுலகில் அவதரித்தார்.” நாங்கள் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் அவதரித்ததற்காகக் கை தட்டுவோம். கை தட்டினால் கொஞ்சம் சூடு வரும் என்பதும் ஒரு காரணம். மேகம் இறங்கிய நாட்களில் குரல் மட்டும் கேட்கும். ஒரு நாள் மேகம் விலகியபோது பார்த்தால், அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைல மரங்களைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். மரங்களும் எங்கள் அளவுக்கு அக்கறையோடுதான் கேட்டிருக்கும்.

இது வெறும் பொது அறிவு என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தேதிக்கு ஒரு குணம் உண்டு, ஒரே தேதியில் பிறந்தவர்களுக்கு ஒரே திறமை வரும் என்பார். “அப்ப ஜாதகமுங்களா சார்?” என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். அவருக்கு வந்ததே கோபம். “ஜாதகம் பாவம்! இது ஸ்டாட்டிஸ்டிக்ஸ்!” என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், பள்ளி திறந்த கையோடு, மாணவர்களின் பிறந்த நாட்களையும் காலண்டரில் ஏற்றுவது என்று முடிவு செய்தார். வகுப்பு வகுப்பாகக் கேட்டு வாங்கினார். டவுன் பிள்ளைகள், கோயில் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் பன்னிரண்டு மாதத்திலும் ஒழுங்காகப் பரவிக் கிடந்தார்கள். கிளியூர், கரடியூர், எஸ்டேட் லைன் வீடுகள் என்று வந்ததும் மாஸ்டரின் பென்சில் நின்றது. ஜூன் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் இடம் போதவில்லை. பக்கத்துக் கட்டத்துக்கு வழிந்து, அதையும் தாண்டிக் காலண்டரின் ஓரத்தில் இருந்த விளம்பரத்தின் மேலேயே பெயர்களை எழுதினார்.

மறுநாள் மைதானத்தில் எங்களையெல்லாம் முன்னால் வந்து நிற்கச் சொன்னார். பெரிய கூட்டம். அவர் கண் கலங்கியிருந்தது. “இந்த மலையில் என்னவோ இருக்கிறது” என்றார். காற்றா, காபியா, மண்ணா என்று தனக்குத் தெரியவில்லை என்றும், ஆராய்ச்சி செய்யப் போவதாகவும் சொன்னார். ஜூனிலிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி விரல் விட்டு எண்ணத் தொடங்கியவர், பாதியில் என்னவோ தோன்றி நிறுத்திக்கொண்டார். பக்தியுள்ள மனிதர். மற்ற ஆசிரியர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். ஒருவராவது அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தமிழ் ஐயா வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மலையில் பொழுதுபோக்கு குறைவு.

அந்த வருடத்து வாலிபால் அணி முழுக்க முழுக்க ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்களால் ஆனது. அதில் ஒருத்தி பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொருத்திக்கு மூச்சிரைப்பு. மூன்றாமவள் சந்தை நாளில் வரவே மாட்டாள். கான்வென்ட்டுப் பெண்களிடம் நாங்கள் தோற்ற விதத்தைப் பார்த்து அந்தக் கன்னியாஸ்திரீகளே மனம் இரங்கி எங்களுக்கு எலுமிச்சை ரசம் கொடுத்தார்கள். மாஸ்டர் அசரவில்லை. திறமை தூங்குகிறது, அவ்வளவுதான் என்றார். என் ஒன்றாம் வகுப்பு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

ஜூன் ஒன்றாம் தேதிக் கட்டத்தில் எங்கள் பெயர்களுக்கு அடியில், பழைய துண்டு ஒன்றில், வட்டு எறியும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படம் இருந்தது. வாய்க்குள் நுழையாத பெயர். மாஸ்டர் ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அன்று சாயங்காலமே என் கையில் வட்டைக் கொடுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அது பறந்தது. ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் வட்டு மைதானத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்துக் காபிச் செடிகளுக்குள் போய் விழும். நானே போய் எடுத்து வர வேண்டும். சிவப்பெறும்பு காலெல்லாம் ஏறிக் கடிக்கும். ஆனாலும் வட்டு கையை விட்டுப் போகிற அந்த நொடி எனக்கு உயிராக இருந்தது. அதுவரை அந்தக் கைகளால் எனக்குக் கிடைத்தது கேலி மட்டும்தான். தவறான தேதியை வைத்து, தவறான காரணத்துக்காக, ஒரு மனிதர் சரியான ஆளைப் பிடித்துவிட்டார். அப்படியும் நடக்கும்.

“தட்டு வீசறதுக்கா பள்ளிக்கோடம் போற? ஊட்டுல இருக்கற தட்டையே கழுவ மாட்டீங்கற” என்றாள் அம்மா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அப்பா சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி, ஏணி சறுக்கி விழுந்து, இடுப்புப் போய் வீட்டோடு இருந்தார். அக்காவை அந்த ஜூனிலேயே எஸ்டேட் செக்ரோலில் சேர்த்தாகிவிட்டது. செக்ரோல் என்றால் நிலையான ஆட்களின் பதிவு. அதில் பெயர் ஏறினால் வருடம் முழுக்க வேலை நிச்சயம். பதினாலு வயது முடிந்திருக்க வேண்டும். கை சொன்ன கணக்குப்படி எனக்கும் அதே ஜூனில் பதினாலு முடிந்துவிட்டது. கார்த்திகையில் காபிப் பழம் பறிப்பு தொடங்கும்போது நானும் போவதாக ஏற்பாடு. படிப்பு ஒன்பதாம் வகுப்பின் பாதியோடு சரி.

அந்த ஏற்பாட்டுக்குள் மாஸ்டர் நுழைந்தார். சேலத்தில் மாவட்டப் போட்டி. பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவில் முதலாவதாக வந்தால் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் விளையாட்டு விடுதியில் இடம். தங்க இடம், சாப்பாடு, பத்தாவது வரை படிப்பு, எல்லாம் இலவசம். இதைச் சொல்ல எங்கள் லைன் வீட்டுக்கே ஏறி வந்தார். அம்மா அவருக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்து, அவர் குடித்து முடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“மொதலா வந்தான்னா போவட்டுமுங்க” என்றாள் கடைசியில். பிறகு என்னிடம், “இல்லீன்னா கார்த்திகை பொறந்ததும் கூடையக் கட்டிக்கோணும் சாமி. அப்பறம் அழுவக் கூடாது” என்றாள்.

நான் முதலாவதாக வருவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எனக்கு அதுவரை வேறு ஊர்ப் பெண்களைத் தெரியாது என்பது அந்த நம்பிக்கைக்கு நல்ல உரம்.

போட்டிக்கு முந்தின நாள் பெயர் பதிய வேண்டும். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மலை இறங்கினேன். சேலத்து வெயில் உச்சி மண்டையைப் பிளந்தது. மைதானத்து ஓரத்தில் ஷாமியானா போட்டு, மேஜைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் என் சான்றிதழை அவர் முன்னால் வைத்துவிட்டு, தானே பெற்ற பிள்ளை மாதிரி என்னைத் தள்ளி நிறுத்தினார். அதிகாரி சான்றிதழைப் பார்த்தார்.

“ஏனுங்க மாஸ்டர், பதினாலு முடிஞ்ச புள்ளையக் கூட்டியாந்திருக்கறீங்க?”

மாஸ்டருக்கு முதலில் புரியவில்லை. ஜூன் ஒன்று, ஜூன் ஒன்று என்று தேதியையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தவர் வருடத்தைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. “சார், இது சாதாரணத் தேதி இல்லை. எங்கள் பள்ளியில் மட்டும் எத்தனை பேர் இந்தத் தேதியில் பிறந்திருக்கிறார்கள் தெரியுமா?” என்று தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “தெரியாம என்னங்க? எஸ்டேட்டுப் புள்ளைங்க அல்லாருமே ஜூன் ஒண்ணுதானுங்களே. காதைத் தொட்டா ஜூன் ஒண்ணு. எனக்கே ஜூன் ஒண்ணுதானுங்க!”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் இன்னும் மூன்று பேர் ஜூன் ஒன்று என்று பெருமையாகக் கையைத் தூக்கினார்கள். மாஸ்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடம் வேதம் மாதிரி வாசித்த மனிதர். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீ நெசமா எப்பக் கண்ணு பொறந்த?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “பங்களா நாய் செத்த மறுநாளுங்க சார்.”

அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அவள் எண்ணிச் சொல்லும் கணக்குப்படி எனக்கு இன்னும் பதின்மூன்றுகூட முடியவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். போட்டி நாளை மதியம், அதற்குள் ஏதாவது ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் மலை ஏறினோம். இந்தத் தடவை எனக்கு வாந்தி வரவில்லை, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை.

மாஸ்டருக்குத் தெரிந்த உலகத்தில் பிறந்த உயிருக்கெல்லாம் எங்காவது ஒரு பதிவு இருக்கும். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் கேட்டார், இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டார், நான் அங்கே பிறக்கவில்லை. ஒரு நப்பாசையில் கோயில் குருவானவரிடமும் கேட்டார். சேர்வராயன் சாமிக்கு முடி இறக்கிய குழந்தைக்கு அவர் என்ன பதிவு வைத்திருப்பார்? கடைசியில் அம்மாவிடம் வந்து நின்றார்.

“கல்லைப் போயிப் பாருங்க சாரு” என்றாள் அம்மா. “நாயிக்குக் கல்லு வெச்சிருக்குதுங்க.”

பங்களாத் தோட்டத்தின் மூலையில் அந்த நாயின் சமாதி இருந்தது. சேலத்திலிருந்து ஆள் வரவழைத்துச் செதுக்கிய கருங்கல். அதில் நாயின் பெயர், அது பெங்களூரில் பிறந்த தேதி, மாதம், வருடம், மலையில் இறந்த தேதி, மாதம், வருடம், கீழே இங்கிலீஷில் ஒரு வாசகம். எங்கள் லைன் வீடுகள் மொத்தத்திலும் இவ்வளவு சரியான தகவல் உள்ள ஒரு ஜீவன் கிடையாது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நாய்க்காகக் கழற்றினாரா, தேதிக்காகக் கழற்றினாரா தெரியவில்லை. அது ஒரு டிசம்பர் மாதத்துத் தேதி.

கல்லைப் பெயர்த்துச் சேலத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே மாஸ்டர் துணிந்து பங்களாப் படி ஏறி, துரையிடம் ஒரு கடிதம் கேட்டார். வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருடங்கள் ஆகியும், எங்களைவிடக் கறுத்த அந்த மேனேஜர் எங்களுக்குத் துரைதான். நாய் என்றதும் துரையின் முகம் மலர்ந்தது. ஒரு முழுப் பக்கம் எழுதினார். நாயின் ஜாதி, அதன் அறிவு, அதன் கடைசி நோய், அது உயிர் விட்ட நேரம். என்னைப் பற்றி எழுதச் சொன்னபோது மட்டும், தனக்கு நேரடியாகத் தெரியாததை எப்படி எழுதுவது என்று தயங்கினார். அப்புறம் அவருக்கே ஞாபகம் வந்தது. சமாதியைச் சுற்றிப் பூச்செடி நட மறுநாள் காலையில் வர வேண்டிய பெண், பிரசவம் என்று சொல்லி வரவில்லை. துரைசானியம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் இருந்தது. அதையும் எழுதி, அம்மாவின் பெயரைப் போட்டு, பச்சை மையில் கையெழுத்திட்டார்.

மறுநாள் சேலத்தில் அந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“நாய் விசயத்துல சந்தேகமே இல்லீங்க மாஸ்டர். அது பதினாலு வயசுக்குக் கீழதான். அதுக்கு வேணும்னா நான் இடம் போட்டுத் தர்றனுங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சட்டிபிகேட்டுல இருக்கறதுதான் கண்ணு வயசு. என்ர கையில ஒண்ணுமில்ல.”

பெரிய பெண்கள் பிரிவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வட்டும் கனம், பெண்களும் கனம். எனக்கு முன்னால் எறிந்தவள் என்னைத் தூக்கியே எறிந்திருப்பாள். நான் கடைசிக்கு முந்தினவளாக வந்தேன். கடைசியாக வந்தவள் காலில் கட்டுப் போட்டிருந்தாள். அப்புறம் ஓரமாக நின்று பதினாலு வயதுப் பிரிவைப் பார்த்தேன். முதலாவதாக வந்த பெண்ணின் வட்டு விழுந்த இடம், எங்கள் மைதானத்தில் என்றால் வேலிக்கு இந்தப் பக்கம். நான் எறும்புக்கடி வாங்கும் இடம் அதற்கு வெகுதூரம் தள்ளி. எந்தக் கை வட்டை அவ்வளவு தூரம் போட்டதோ அதே கைதான் என்னை அந்த வட்டத்துக்குள் நிற்க விடாமல் செய்தது. ஆத்திரத்தில் அந்தக் கையை நானே கடித்துக்கொண்டேன். விடுதி போயிற்று.

மாஸ்டர் பஸ்ஸில் துரையின் கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் என்னைக் கூப்பிட்டார். நாய் செத்த மறுநாளைத் தன் காலண்டரில் தேடியிருக்கிறார். “அன்னைக்கு ஒருத்தருமே பொறக்கலை கண்ணு” என்றார், துக்க வீட்டில் பேசுகிற குரலில். “மழையால ஒரு மேட்ச் பாதியில நின்னுபோச்சு. அவ்வளவுதான் இருக்கு.” அன்றிலிருந்து மைதானத்தில் பிறந்த நாட்கள் வாசிப்பதை விட்டுவிட்டார். சாதனைகள் மட்டும்தான். ஒரு ஓட்டப்பந்தயம் எந்த நாளில் நடந்தது என்பதைக் காதைத் தொட்டு முடிவு செய்வதில்லை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் தோற்றது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. “பெத்தவ சொல்றது பொய்யாமா? சேர்வராயன் மேல சத்தியமாச் சொல்றேன், நாயி செத்த மறுநாளு. அதை ஒருத்தன் பொய்யிங்கறானா?” என்று அந்த அதிகாரியை ஒரு வாரம் திட்டினாள். கார்த்திகை பிறந்தது. ஒரு காலையில் என் தலையை இழுத்துச் சீவி, என்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். நான் அழவில்லை. அழக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தாளே.

ஆபீசில் செக்ரோல் எழுதும் ரைட்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் சான்றிதழைப் பார்த்தார். “ஜூன் ஒண்ணு. பதினாலு முடிஞ்சாச்சு. நாளைக்கே வரச் சொல்லு, பேரை ஏத்திக்கறேன்” என்று பேனாவை மைக்கூட்டில் நனைத்தார்.

அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, எட்டாக மடித்த ஒரு தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். “இதையுங் கொஞ்சம் பாத்துப்போடுங்க.”

பச்சை மை. துரையின் கடிதம். அதை அவள் மாஸ்டரிடம் எப்போது போய்க் கேட்டாள், எப்போது வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ரைட்டர் படித்தார். நனைத்த பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை மேஜையில் விழுந்தது.

“ஏம்மா, இதுப்படி பாத்தா இவளுக்கு இன்னும் பதிமூணே முடியலையே?”

“எனக்கு என்னங்க தெரியும்? துரை எழுதுனதுங்க. பொய்யின்னா நீங்களே போயி அவருகிட்டச் சொல்லிப்போடுங்க.”

ரைட்டர் பங்களா இருந்த திசையைப் பார்த்தார். துரை பொய் எழுதியிருக்கிறார் என்று போய்ச் சொல்லும் ஆசை அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை. பேனாவைத் துடைத்து வைத்தார். “நெசமா வயசு ஆவட்டும். அப்பறம் கூட்டியா” என்றார். அவ்வளவுதான். சேலத்தில் ஒரு விடுதி இடத்துக்கு உதவாத கடிதம், எஸ்டேட் ஆபீசில் ஒரு பெயரை எழுத விடாமல் நிறுத்திவிட்டது.

வெளியே வந்ததும் அம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. “பெத்தவளைப் பொய்க்காரியாக்கப் பாக்கறானுங்க” என்று முணுமுணுத்தபடி வேகமாக நடந்தாள். அது வீம்பு என்றுதான் நான் நினைத்தேன். சேலத்து அதிகாரியிடம் தோற்ற வழக்கை ரைட்டரிடம் ஜெயித்துக் காட்டினாள், அதில் என் படிப்பு தற்செயலாகப் பிழைத்தது என்று நினைத்தேன். ஆகவே நான் நிம்மதியாக இருக்கவில்லை. அந்தக் கடிதத்தில் இருந்த தேதி எனக்கு ஒரு கெடுவாக ஆகிவிட்டது. மலையிலேயே தன் உண்மையான பிறந்த நாளைக் கண்டு பயந்துகொண்டிருந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாவது முடிந்தது. பத்தாவது போனேன். அடுத்த வருடத்து டிசம்பரும் வந்தது. பழம் பறிப்பு மும்முரமான நேரம். அன்று விடியற்காலை மேகம் வாசல் வரை வந்திருந்தது. அம்மா விளக்கு வெளிச்சத்தில் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். அவளாகச் சொல்லும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“அம்மா, இன்னிக்கோட எனக்குப் பதினாலு முடிஞ்சுதும்மா.”

“ஆரு சொன்னா?”

“நீதானம்மா. பங்களா நாய் செத்த மறுநாளுன்னு...”

“எந்த நாயி?”

சேர்வராயன் மேல் சத்தியம் செய்து, ஊரெல்லாம் திட்டி, ரைட்டரின் பேனாவை நிறுத்தியவள் கூடையின் முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

“நாயி செத்ததும் பூனை செத்ததும் எனக்கு ஞாபகம் இருக்குமா? நான் என்ன படிச்சவளா, தேதி பாத்துச் சொல்ல? சட்டிபிகேட்டுல ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்குதல்லோ? பரிச்சையெல்லாம் எழுதி முடி. ஜூன் வரட்டும், அப்பப் பாக்கலாம். போ கண்ணு, மணி அடிச்சுருவாங்க.”

சொல்லிவிட்டு மேகத்துக்குள் இறங்கிப் போனாள். நான் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு, அவள் போன திசையைப் பார்த்து, சத்தம் வராமல் அழுதேன்.